'கண்ணுக்குப் புது மருந்து வந்துவிட்டது' என்று யாராவது அனுப்பினால் அதை எப்படிப் படிப்பது

அம்மாவுக்கு முதலில் கோணலாகத் தெரிந்தது சமையலறை ஜன்னல் கம்பி. "நடுக்கம்பி வளைஞ்சு கெடக்கு, வெல்டிங் ஆளை வரச் சொல்லு" என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் போய்த் தடவிப் பார்த்தேன், கம்பி நேராகத்தான் இருந்தது. ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக்கொண்டு பார்க்கச் சொன்னேன். இடது கண்ணால் மட்டும் பார்த்தபோது கம்பி வளைந்தது, வலது கண்ணால் பார்த்தபோது நேராகிவிட்டது. அந்த வாரமே ரெட்டினா டாக்டரிடம் போனோம், வயதானால் வரும் மாக்குலா சிதைவு என்றார், அதாவது ஏஎம்டி. விழித்திரையின் நடுவில், எழுத்து படிக்கவும் முகம் பார்க்கவும் ஊசியில் நூல் கோர்க்கவும் உதவும் அந்தச் சின்ன இடம் பழுதாவது.

சொந்தக்காரர்களுக்குத் தகவல் போனதும் வாட்ஸ்ஆப்பில் வரிசையாக வரத் தொடங்கியது. ஸ்டெம் செல் போட்டால் பார்வை திரும்புமாம், ஜப்பானில் கண்டுபிடித்துவிட்டார்களாம், கண்ணுக்குள் சிப் வைக்கிறார்களாம், இந்த மாத்திரை சாப்பிட்டால் போதுமாம். எல்லாம் பாசத்தில் அனுப்பியவைதான். அதில் பாதிக்குப் பின்னால் உண்மையான மருத்துவ ஆய்வு இருக்கிறது என்பதுதான் சிக்கலே, முழுப் பொய்யாக இருந்தால் ஒதுக்கிவிட்டுப் போய்விடலாம். நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்த ஆய்வுகளை உட்கார்ந்து படித்துப் படித்து ஒரு வழக்கம் வந்திருக்கிறது. வீட்டில் ஏஎம்டி உள்ள பெரியவர் இருந்தால் உங்களுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வீட்டுக் கண் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

செய்தியைத் திறப்பதற்கு முன்னால் ஃபைலைத் திறங்கள். ஏஎம்டி இரண்டு வகை. உலர் வகையில் விழித்திரைக்கு அடியில் மஞ்சள் படிவுகள் சேர்ந்து, செல்கள் மெல்ல மெல்லத் தேய்ந்து போகும். முற்றினால் நடுவில் திட்டுத் திட்டாக வெறுமையாகிவிடும். ஈர வகையில் அடியிலிருந்து வேண்டாத ரத்தக் குழாய்கள் முளைத்து, நீரும் ரத்தமும் கசியும், பார்வை சில வாரங்களிலேயே சரியலாம். இரண்டுக்கும் மருந்து வேறு, ஆய்வும் வேறு. ஈர வகைக்கான மருந்து பற்றிய செய்தியைப் படித்துவிட்டு உலர் வகைக்காரர் ஆசைப்படுவது வீண், அதையேதான் நாங்கள் முதல் இரண்டு மாதம் செய்தோம்.

டாக்டரிடம் நான்கு விஷயம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக எந்த வகை, எந்தக் கட்டம், ஓசிடி ஸ்கேனில் (விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் படம்) நீர் இருக்கிறதா, பாலிப் போலக் குழாய் வீங்கியிருக்கும் பிசிவி என்ற துணை வகையா. நான்காவதை நம் ஆட்கள் கட்டாயம் கேட்க வேண்டும். பெரிய ஏஎம்டி ஆய்வுகள் பலவற்றில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய வெள்ளையர்கள், பிசிவி அதிகம் காணப்படுவதோ ஆசியர்களிடம். அதற்கென்றே ஆசிய நாடுகளில் எவரெஸ்ட் 2 என்று ஓர் ஆய்வு நடந்தது, 322 பேர். கண்ணுக்குள் ஊசி மட்டும் போட்டவர்களுக்கு ஒரு வருடத்தில் பார்வை அட்டையில் படிக்க முடிந்தது சராசரியாக 5.1 எழுத்து கூடியது, ஊசியோடு ஒளிக்கதிர் சிகிச்சையும் சேர்த்தவர்களுக்கு 8.3 எழுத்து கூடியது. ஆக, பிசிவி என்றால் டாக்டரிடம் பேச வேண்டிய பேச்சே வேறு.

எழுத்தை எண்ணினார்களா, படத்தை அளந்தார்களா

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கண் ஆய்வுகளில் பார்வையை ஒரு தனி அட்டையில் அளப்பார்கள். வழக்கமாக நான்கு மீட்டர் தூரம், ஒரு வரிக்கு ஐந்து எழுத்து, நோயாளி சரியாகச் சொல்லும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பெண். 15 எழுத்து கூடினால் மூன்று வரி கீழே இறங்கிப் படிக்க முடிகிறது என்று அர்த்தம், அது வாழ்க்கையில் தெரியும் மாற்றம். ஈர வகைக்கான ரானிபிசுமாப் ஊசியை மரீனா என்ற ஆய்வில் 716 பேரிடம் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். மாதம் ஒரு ஊசி, சிலருக்கு, ஒப்பிட்டுப் பார்க்க, போட்ட மாதிரி மட்டும் காட்டும் போலி ஊசி. ஒரு வருடம் கழித்து, 0.5 மில்லிகிராம் போட்டவர்களுக்குச் சராசரியாக 7.2 எழுத்து கூடியிருந்தது, போலி ஊசிக்காரர்களுக்கு 10.4 எழுத்து குறைந்திருந்தது. நூற்றுக்கு 34 பேர் அளவில் 15 எழுத்தோ அதற்கு மேலோ கூடுதலாகப் படித்தார்கள், மறுபக்கம் அது 5 பேர்தான். அதுவரை ஈர வகை வந்தவருக்குப் பார்வை இறங்குவதை மெதுவாக்கத்தான் முடிந்தது, கூட்டிக் காட்டியது இந்த மருந்துதான். இப்படி எழுத்துக் கணக்கோடு வரும் செய்தியை நான் உட்கார்ந்து படிப்பேன்.

இப்போது உலர் வகை முற்றிய நிலைக்கு வந்த பெக்செட்டகோப்ளான் ஊசியைப் பாருங்கள். 2023 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது, "உலர் ஏஎம்டிக்கு முதல் மருந்து" என்று எங்கள் குடும்பக் குழுவில் நாலு பேர் ஒரே நாளில் அனுப்பினார்கள். ஓக்ஸ், டெர்பி என்று இரண்டு ஆய்வுகள், அவற்றில் முதன்மையாக அளந்தது எழுத்தை அல்ல, வெறுமையான திட்டின் பரப்பளவை. இரண்டு வருடம் மாதாமாதம் ஊசி போட்டால் திட்டு வளர்வது சுமார் ஐந்தில் ஒரு பங்கு மெதுவானது. உண்மையான பலன்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு வருடத்தில் எழுத்துக் கணக்கில் ஊசி போட்டவருக்கும் போலி ஊசிக்காரருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கூடவே, மாதந்தோறும் போட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 12 பேருக்குப் புதிதாக ஈர வகை வந்தது, போலி ஊசியில் 3 பேர் அளவுக்குத்தான் வந்தது. ஐரோப்பிய மருந்து அமைப்பு 2024இல் இதே புள்ளிவிவரங்களைப் பார்த்துவிட்டு, நோயாளியின் அன்றாட வாழ்வுக்கு உதவும் பலன் தெரியவில்லை என்று அனுமதிக்கு எதிராகச் சொல்லிவிட்டது. ஒரே ஆய்வு, இரண்டு கண்டத்தில் இரண்டு முடிவு. வருங்காலத்தில் மிச்சமாகும் செல்களுக்காக இப்போது மாதம் ஒரு ஊசி தாங்கலாமா என்பது அந்தந்த நோயாளி முடிவு செய்ய வேண்டியது, 68 வயதில் ஒரு பதில் வரும், 88 வயதில் வேறு பதில் வரும். ஆனால் "பார்வை திரும்பும்" என்று நினைத்துக்கொண்டு யாரும் அந்த ஊசிக்கு உட்காரக் கூடாது.

அதனால் செய்தியில் "மெதுவாக்குகிறது", "குறைக்கிறது" என்று பார்த்தால், எதை என்று உடனே தேடுங்கள். படத்தில் தெரியும் திட்டா, ஸ்கேனில் தெரியும் நீரா, இல்லை படிக்கும் எழுத்தா.

எத்தனை பேர், யாரோடு ஒப்பிட்டு

ஜப்பான் செய்தி உண்மை. 2014 செப்டம்பரில் கோபே நகரில் மசாயோ தகாஹாஷியின் குழு, எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணியின் தோல் செல்லை, எந்த வகைச் செல்லாகவும் வளர்க்கக்கூடிய ஐபிஎஸ் செல்லாக்கி, அதிலிருந்து விழித்திரைக்கு அடியில் இருக்கும் செல் படலத்தை வளர்த்து, ஈர வகை வந்த அவர் கண்ணுக்குள் வைத்தார்கள். மகத்தான வேலை. ஒரு வருடம் கழித்து அவர் பார்வை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டாவது நோயாளிக்கான செல்களில் மரபணு மாற்றங்கள் தெரிந்ததால் அவருக்கு வைக்காமலே நிறுத்திவிட்டார்கள், அந்த எச்சரிக்கைக்காகவே எனக்கு அவர்கள் மேல் மரியாதை. ஆனால் பாருங்கள், இது ஒரே ஒருவர். பாதுகாப்பாக வைக்க முடிகிறதா என்று பார்த்த வேலை, சிகிச்சை ஆவதற்கு இன்னும் எத்தனையோ படி ஏற வேண்டும்.

சிப் செய்தியும் உண்மை. 2 மில்லிமீட்டர் சதுரச் சில்லு, பெயர் பிரிமா, கேமரா வைத்த கண்ணாடியோடு சேர்ந்து வேலை செய்வது. உலர் வகை முற்றி நடுப்பார்வை போனவர்களில் 38 பேருக்கு வைத்தார்கள், 2025இல் முடிவு வந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்க்க முடிந்த 32 பேரில் 26 பேர் முன்பைவிடத் தெளிவாகக் கூடுதல் எழுத்து படித்தார்கள். இங்கே எழுத்தை எண்ணியிருக்கிறார்கள், நல்லது. ஆனால் போலியாக ஏதும் செய்து ஒப்பிட்ட இன்னொரு குழு இல்லை, அறுவை சிகிச்சையால் வந்த கடுமையான பாதிப்புகளும் பாதிப் பேருக்கு இருந்தன. நம்பிக்கை வைக்கலாம், ஆனால் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சிறிய குழுவில் பார்க்கும் இரண்டாம் கட்ட ஆய்வில் ஜெயித்த செய்திக்கு நான் இப்போதெல்லாம் அவசரப்படுவதில்லை, காரணம் லாம்பலிசுமாப். உலர் வகைக்கான அந்த ஊசி 129 பேர் சேர்ந்த இரண்டாம் கட்டத்தில் திட்டு வளர்வதை 20 சதவீதம் குறைத்தது, ஒரு குறிப்பிட்ட மரபணு உள்ளவர்களுக்கு 44 சதவீதம் என்றார்கள். எல்லோரும் எழுந்து உட்கார்ந்தார்கள். மூன்றாம் கட்டத்தில் இரண்டு ஆய்வாக 1800க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பார்த்தபோது, 2017இல், பலன் ஒன்றும் இல்லை. மூன்றாம் கட்டம் தாண்டிய பிறகும் ஒரு வருடம் பொறுத்திருப்பது நல்லதுதான்: ஈர வகைக்கான புரோலுசிசுமாப் 2019 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, சில மாதங்களிலேயே, 2020 தொடக்கத்தில், விழித்திரை ரத்தக் குழாய் அழற்சி வந்து சிலர் பார்வை இழந்ததாக டாக்டர்களே அறிக்கை கொடுக்க ஆரம்பித்தார்கள்.

மாத்திரை பற்றி

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏரெட்ஸ் என்ற அமெரிக்க அரசு ஆய்வு 2001இல் வந்தது: நடுத்தரக் கட்ட ஏஎம்டி உள்ளவர்களுக்கும், ஒரு கண் முற்றிப்போனவர்களுக்கும், விட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், துத்தநாகம், தாமிரம் சேர்ந்த மாத்திரை ஐந்து வருடத்தில் முற்றும் ஆபத்தை 25 சதவீதம் அளவுக்குக் குறைத்தது. நோயே இல்லாதவருக்கும் தொடக்க நிலையில் இருப்பவருக்கும் அப்படிப் பலன் தெரியவில்லை, போன பார்வையை அது கொண்டுவருவதும் இல்லை. 2013இல் இரண்டாவது ஏரெட்ஸ் ஆய்வில் பீட்டா கரோட்டினுக்குப் பதில் லூட்டீன் 10 மில்லிகிராமும் சியாசாந்தின் 2 மில்லிகிராமும் போட்டார்கள், ஏனென்றால் முன்பு புகைபிடித்தவர்களுக்குப் பீட்டா கரோட்டினால் நுரையீரல் புற்றுநோய் கூடியது. மீன் எண்ணெய் சேர்த்ததில் கூடுதல் பலன் இல்லை. வீட்டில் பழைய பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர் இருந்தால் மருந்துக் கடையில் டப்பாவைத் திருப்பிப் பீட்டா கரோட்டின் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், அதுவும் டாக்டர் சொன்னால் மட்டும்.

யார் காசு கொடுக்கிறார்கள்

இதை எழுதும்போது இன்றும் மனம் பதறுகிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 72 முதல் 88 வயதுக்குள் மூன்று பெண்கள், மூவருக்கும் ஏஎம்டி. ஒரு தனியார் மையத்தில் அவர்களுடைய கொழுப்பிலிருந்து எடுத்த 'ஸ்டெம் செல்' என்று சொல்லி, ஒரே நாளில் இரண்டு கண்ணிலும் ஊசி போட்டார்கள். ஆளுக்கு 5000 டாலர் வாங்கினார்கள். சில நாளிலேயே விழித்திரை பிய்ந்தது, ரத்தம் கசிந்தது, மூவருக்கும் இரண்டு கண்ணிலும் பார்வை கடுமையாகப் போனது. அவர்களுக்குச் சிகிச்சை செய்த டாக்டர்கள் 2017 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதித்தான் பரவலாகத் தெரிந்தது. அந்த மையத்தின் 'ஆய்வு' அமெரிக்க அரசின் கிளினிக்கல் ட்ரயல்ஸ் பதிவேட்டிலேயே பட்டியலில் இருந்தது. பதிவு எண் இருக்கிறது என்று நம்பி யாரும் ஏமாறலாம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

அதனால் மூன்று அடையாளத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனை மருந்துக்கு உங்களிடமே காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நம் நாட்டில் ரத்த நோய்களுக்கான மாற்று சிகிச்சை போன்றவை தவிர ஸ்டெம் செல் எல்லாமே ஆய்வு நிலைதான், அதற்குக் காசு வாங்கக் கூடாது என்றே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் சோதனை மருந்தைப் போடலாம் என்றாலும் எழுந்து வந்துவிடுங்கள், ஒழுங்கான ஆய்வில் ஒரு கண்ணைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். "யாருக்கும் பக்கவிளைவே வரலை" என்றாலும் அப்படியே.

காசு என்றதும் இன்னொன்று. 2011இல் கேட் என்ற அமெரிக்க அரசு ஆய்வு விலை மலிவான பெவாசிசுமாபையும் விலை உயர்ந்த ரானிபிசுமாபையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது. மாதாமாதம் போட்டவர்களில் 8.0 எழுத்துக்கும் 8.5 எழுத்துக்கும்தான் வித்தியாசம். இரண்டு மருந்தில் எது என்று டாக்டர் கேட்கும்போது நாங்கள் தயங்காமல் செலவைப் பற்றிப் பேச முடிந்ததற்கு இந்த ஆய்வுதான் காரணம்.

ஆய்வில் சேரச் சொல்லி அழைத்தால்

போன வருடம் அம்மாவை ஓர் ஆய்வுக்கு அழைத்தார்கள். முதலில் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சிடிஆர்ஐ இணையதளத்தில் அந்த ஆய்வின் பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்தேன். இந்தியாவில் நடக்கும் ஆய்வுகள் 2009 ஜூன் முதல் அங்கே கட்டாயம் பதிவாக வேண்டும். யார் நடத்துகிறார்கள், எந்தக் கட்டம், எத்தனை பேர், எதோடு ஒப்பிடுகிறார்கள், எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது, எல்லாம் இருக்கும். ஃபுளோரிடா கதை தெரிந்த பிறகு, பதிவு இருக்கிறது என்பதோடு நிற்காமல் அந்தப் பக்கம் முழுவதையும் படிக்கிறேன்.

அப்புறம் தகவல் தாள். தமிழில் கேளுங்கள், நோயாளிக்குப் புரியும் மொழியில் கொடுப்பது அவர்கள் கடமை. வீட்டுக்குக் கொண்டுவந்து படிக்க அனுமதி கேளுங்கள். ஏஎம்டி உள்ளவரால் பல நேரம் அந்தத் தாளைப் படிக்கவே முடியாது என்பதை மறந்துவிட்டு "இங்க கையெழுத்துப் போடுங்கம்மா" என்று நீட்டுவார்கள். படிக்க முடியாதவர் என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி இருந்து, முழுவதும் வாசித்துக் காட்டி, அவரும் கையெழுத்திட வேண்டும்.

நாங்கள் இரண்டு சாயங்காலம் எடுத்துக்கொண்டோம். நான் ஒவ்வொரு பத்தியாக வாசிக்க, அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். போலி ஊசி என்ற இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. "ஊசியே போடாமப் போட்ட மாதிரி காட்டுவாங்களா?" ஆமாம், கண்ணை மரக்க வைத்து, எரியும் கிருமிநாசினிச் சொட்டு விட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சால் கண்ணை அழுத்துவார்கள், எது வந்தது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்வையை அளப்பவருக்கும் தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப எனக்குப் போலி வந்து கண்ணு மோசமானா என்ன பண்ணுவாங்க, அதைக் கேட்டுட்டு வா" என்றார். நான் தயாரித்து வைத்திருந்த பதினோரு கேள்வியில் அது இல்லை. அந்த ஒரு கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும். நல்ல ஆய்வில் அதற்குத் தயாராகப் பதில் இருக்கும்: இத்தனை எழுத்து குறைந்தால் வழக்கமான சிகிச்சைக்கு மாற்றுவோம் என்று எழுதியே வைத்திருப்பார்கள்.

மற்றபடி கேட்க வேண்டியவை: ஏற்கெனவே போட்டுவரும் ஊசியை நிறுத்தச் சொல்வார்களா, எத்தனை நாளைக்கு, இன்னொரு கண்ணில் பிரச்சினை வந்தால் யார் பார்ப்பார்கள், எத்தனை தடவை வர வேண்டும், கூட வருபவருக்கும் சேர்த்துப் பயணச் செலவு உண்டா, ராத்திரியில் கண் வலித்தாலோ சிவந்தாலோ யாருக்கு ஃபோன் செய்வது. இந்தியாவின் 2019 மருத்துவ ஆய்வு விதிகளின்படி ஆய்வில் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை உண்டு, ஆய்வுதான் காரணம் என்றால் இழப்பீடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சையைக் குறைக்கக் கூடாது. கையெழுத்திட்ட படிவத்தின் நகலை வாங்காமல் வராதீர்கள்.

அம்மா சரி என்றார். ஆனால் முதல் நாள் பரிசோதனையிலேயே, அவர் படித்த எழுத்துகள் ஆய்வின் வரம்புக்கு மேலே போய்விட்டன என்று சேர்க்கவில்லை. ஒவ்வொரு ஆய்வுக்கும் இப்படி வரம்பு உண்டு, மரீனாவில் 6/12 முதல் 6/96 வரை, அதாவது ஓரளவு மங்கியதிலிருந்து வெகுவாக மங்கியது வரை, பார்வை உள்ளவர்களைத்தான் எடுத்தார்கள். இது எனக்குத் தெரியும், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கத்தான் தவறிவிட்டேன். ஆட்டோவில் திரும்பும்போது, "நான் வேணும்னே ரெண்டு எழுத்து விட்டிருக்கணுமோ" என்று கேட்டார். இல்லம்மா, நல்லாத் தெரிஞ்சதாலதான் வேண்டாம்னாங்க என்று சொல்லியும் அன்று முழுக்க முகம் வாடித்தான் இருந்தது. உங்கள் வீட்டில் பரிசோதனைக்குப் போவதற்கு முந்தின நாளே இதைச் சொல்லிவிடுங்கள்: சேர்க்காமல் போகலாம், அது உங்கள் கண்ணைப் பற்றிய கெட்ட செய்தி இல்லை.

சேர்க்காவிட்டாலும் அன்று எடுத்த ஓசிடி படங்களின் நகலைக் கேட்டு வாங்குங்கள், தேதி போட்டு ஃபைலில் வையுங்கள். அடுத்த ஆய்வுக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான். வழக்கமான ஊசித் தேதியை ஒருநாளும் தள்ளிப் போடாதீர்கள், ஆய்வு வரும் என்று காத்திருந்து ஈர வகைக் கண்ணில் இரண்டு மாதம் விட்டால் போன எழுத்து திரும்பாமலே போகலாம். எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காபி குடித்த கையோடு அம்மா சமையலறை ஜன்னல் முன்னால் நின்று, ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக் கம்பியை எண்ணுவார். டாக்டர் கட்டம் போட்ட ஆம்ஸ்லர் அட்டை கொடுத்திருக்கிறார், அது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது, அதையும் பார்ப்பார். ஆனால் ஜன்னல்தான் முதலில். வலது கண்ணுக்குக் கம்பி ஏழும் இதுவரை நேராகத்தான் நிற்கிறது.